ஹாரி கேனை விற்றது சரியா? புதிதாகக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் கணக்கு

ஐரோப்பியக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் முதல் கோடைக்காலத்திலேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். யாருடைய பெயர் போட்ட ஜெர்சியை ஆசையாக வாங்கினார்களோ, அந்த ஆளையே கிளப் விற்றுவிடும். சிறுவனாக வந்து அங்கேயே வளர்ந்தவர், வலியோடு ஊசி போட்டுக்கொண்டு ஆடியவர், அவரைப் போய் விற்பார்களா என்று கோபம் வரும். பக்கத்திலேயே இன்னொரு ரசிகர், "நல்ல விலை வந்தது, கொடுத்தார்கள், இதில் என்ன தப்பு?" என்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால்தான் இந்தச் சண்டை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நடக்கிறது.

லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் என்ற ஒரே கிளப்பை வைத்து இந்தக் கேள்வியை முழுதாகப் பார்த்துவிடலாம். விற்காமல் வைத்திருந்து சும்மா இழந்தது, விற்று வந்த பணத்தை வீணடித்தது, ஹாரி கேன் என்ற தன் நட்சத்திரத்தை விற்க மறுத்தது, கடைசியில் அவரையே விற்றது என எல்லாவற்றையும் செய்து பார்த்த கிளப் அது. இவை அனைத்தும் டேனியல் லெவி என்ற ஒரே சேர்மன் காலத்தில் நடந்தவை. அவர் 2001இல் வந்து 2025 செப்டம்பரில் விலகினார். விலைபேசுவதில் கல்நெஞ்சக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

விற்கப்படுவது எது?

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும். இங்கே ஏலம் கிடையாது. வீரர் ஒரு கிளப்போடு இத்தனை ஆண்டுகள் என்று ஒப்பந்தம் போட்டிருப்பார். அது முடிவதற்கு முன்னால் இன்னொரு கிளப் அவரைக் கூட்டிப்போக விரும்பினால், ஒப்பந்தத்தை விட்டுக்கொடுப்பதற்காகப் பழைய கிளப்புக்குப் பணம் தர வேண்டும். அந்தப் பணம்தான் டிரான்ஸ்ஃபர் தொகை. விற்கும் கிளப், வாங்கும் கிளப், வீரர் ஆகிய மூவரும் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. வீரரை அவர் விருப்பத்தை மீறி எங்கேயும் அனுப்ப முடியாது. அதே சமயம், அவர் போக விரும்பினாலும் கிளப் விடாவிட்டால் போக முடியாது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு? ஒரு காலத்தில் அப்போதும் பழைய கிளப் பணம் கேட்கலாம் என்று இருந்தது. ஜான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு இப்படிப் பணம் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து ஆட்டமே மாறிவிட்டது. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சும்மா நடந்து போகலாம். கடைசி ஆறு மாதத்தில் வெளிநாட்டுக் கிளப்புகளோடு முன்கூட்டியே பேசியும் வைக்கலாம்.

இதனால் ஒரு வீரரின் விலையை அவர் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்னும் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் மீதி இருக்கிறது என்பது அதே அளவுக்கு முக்கியம். மூன்று ஆண்டு மீதி இருந்தால் கிளப் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசலாம். ஒரே ஆண்டுதான் மீதி என்றால், "இப்போது கொடு, இல்லையென்றால் அடுத்த வருஷம் சும்மாவே வருவார்" என்று வாங்குபவர் சொல்வார். நன்றாக ஆடும் வீரருக்கு, பழைய ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று ஆண்டு மீதி இருக்கும்போதே கிளப் புது ஒப்பந்தத்தை நீட்டுவது இதற்காகத்தான். சம்பள உயர்வு என்று செய்தி வரும். கிளப்புக்கு அது விலைக்கான காப்பீடும் கூட.

கேம்பலும் கிங்கும்

இதைக் கவனிக்காமல் விட்டதன் விலையை டாட்டன்ஹாம் 2001இல் கொடுத்தது. சோல் கேம்பல் அங்கேயே வளர்ந்த தடுப்பாட்டக்காரர், அணியின் கேப்டன், இங்கிலாந்து அணியிலும் நிரந்தர இடம். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு பைசா டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் போனார். போன இடம் ஆர்சனல், அதாவது வடக்கு லண்டனில் பக்கத்து வீட்டுப் பகையாளி. முதல் சீசனிலேயே அங்கே இங்கிலாந்தின் முதன்மைத் தொடரான பிரீமியர் லீகையும், நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையையும் வென்றார். 2004இல் ஆர்சனல் லீகை உறுதிசெய்த ஆட்டம் டாட்டன்ஹாமின் சொந்த மைதானத்திலேயே நடந்தது. அதிலும் கேம்பல் ஆடினார். டாட்டன்ஹாம் ரசிகர்களிடம் அவர் பெயரை இன்றைக்கும் நிதானமாகச் சொல்ல முடியாது.

கேம்பல் விட்டுப்போன இடத்தை நிரப்பியவர் லெட்லி கிங். அவரும் அகாடமிப் பிள்ளைதான், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். வேறு எந்தக் கிளப்புக்கும் ஆடாமல், 2008இல் கேப்டனாக லீக் கோப்பையை (இது லீக் அல்ல, இங்கிலாந்தின் இன்னொரு நாக்அவுட் போட்டி) தூக்கினார். ஆனால் முழங்கால் போய்விட்டது. கடைசி ஆண்டுகளில் வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்க முடியாமல், ஆட்ட நாளில் மட்டும் இறங்கினார். 2012இல், 31 வயதில், ஓய்வு. விசுவாசமாக இருந்தவரும் அவரை வைத்துக்கொண்ட கிளப்பும் ஏற்கும் ஆபத்து இது. விலை உச்சத்தில் இருக்கும்போது விற்க மறுத்த வீரரின் கால் அடுத்த வாரமே உடையலாம். ஆனாலும் கிங்கை விற்றிருக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு டாட்டன்ஹாம் ரசிகரை நான் பார்த்ததில்லை. கணக்கில் ஏறாத மதிப்பு என்று ஒன்று உண்டு என்பதை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் புத்தகம் செய்யும் வேலை

இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சிதான். ஆனால் இது புரிந்தால் டிரான்ஸ்ஃபர் செய்திகளில் பாதி புரிந்துவிடும்.

ஒரு கிளப் ஒரு வீரரை 6 கோடி பவுண்டுக்கு வாங்கி 5 ஆண்டு ஒப்பந்தம் போடுகிறது என்று வையுங்கள். கணக்கில் அந்த 6 கோடியை ஒரே ஆண்டில் எழுத மாட்டார்கள். ஆண்டுக்கு 1.2 கோடி என்று ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள். மூன்று ஆண்டு கழித்து, புத்தகத்தில் அவருடைய மிச்ச மதிப்பு 2.4 கோடி. அப்போது அவரை 3 கோடிக்கு விற்றால், லாபம் 60 லட்சம் மட்டுமே.

இப்போது அகாடமியில் வளர்ந்த வீரரை எடுங்கள். அவரை யாரிடமும் வாங்கவில்லை. புத்தகத்தில் அவர் மதிப்பு பூஜ்யம். அவரை அதே 3 கோடிக்கு விற்றால் 3 கோடியும் லாபம். அந்த ஆண்டிலேயே, மொத்தமாக.

இங்கேதான் வினோதம் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளில் கூட்டாக 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக் ஒரு வரம்பு வைத்தது. வரம்பைத் தொடும் கிளப் அவசரமாக லாபம் காட்ட வேண்டும். அதற்குச் சுலபமான வழி, சொந்தப் பிள்ளையை விற்பது. செல்சி அணி மேசன் மவுண்ட்டை 2023இலும் கோனர் கேலகரை 2024இலும் விற்றபோது ரசிகர்கள் கொதித்ததற்கு இதுதான் பின்னணி. கோடி கோடியாகக் கொட்டி வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே, சிறுவயதிலிருந்து வளர்த்தவர்களை வெளியே அனுப்பியது கிளப். செலவைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி, விசுவாசமானவனை முதலில் வாசலுக்குத் தள்ளும் விதியாக ஆகிவிட்டது. விதியை எழுதியவர்கள் இதை யோசிக்கவே இல்லையா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

விற்கத் தாமதித்தாலும் அடி விழும். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்பின் அகாடமியில் வளர்ந்தவர் பிரென்னன் ஜான்சன். அவருடைய அப்பாவும் அதே கிளப்புக்கு ஆடியவர். 2023 ஜூன் 30க்குள், அதாவது கணக்காண்டு முடிவதற்குள், அவரை விற்றிருந்தால் ஃபாரஸ்டின் நஷ்டக் கணக்கு வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போது வந்த விலை போதாது என்று காத்திருந்து, செப்டம்பர் 1ஆம் தேதி சுமார் 4.75 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். கூடுதல் பணம் வந்தது. ஆனால் அது அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் விழுந்தது. அவர்கள் சில ஆண்டுகள் இரண்டாம் டிவிஷனில் இருந்ததால் வரம்பும் அவர்களுக்குக் குறைவு, 6.1 கோடி. அதை 3.45 கோடி தாண்டிவிட்டார்கள். அதற்குத் தண்டனையாக 2024 மார்ச்சில் ஃபாரஸ்டின் 4 லீக் புள்ளிகள் பறிக்கப்பட்டன. "பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்றது புத்திசாலித்தனம்தானே" என்ற வாதம் எடுபடவில்லை.

அந்த ஜான்சனை வாங்கிய கிளப் எது தெரியுமா? டாட்டன்ஹாம். அவர் கதை இன்னும் முடியவில்லை, பின்னால் வருவார்.

பேல் பணம் போன வழி

2013இல் டாட்டன்ஹாம் தன் சிறந்த வீரர் கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. சுமார் 8.5 கோடி பவுண்டு, அன்றைய உலகச் சாதனை. அந்தப் பணத்தையும் அதற்கு மேலும் போட்டு ஏழு பேரை வாங்கினார்கள்: சோல்டாடோ, பவுலினியோ, லமேலா, எரிக்சன், கபூ, ஷாட்லி, கிரிகெஷ். ஒருவருக்குப் பதில் ஏழு பேர் என்றதும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏழு புதியவர்கள் ஒரே நேரத்தில் ஒரு அணிக்குள் வந்தால் யார் யாரோடு பழகுவது? டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5. மறுநாள் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், விலாஸ்-போவாஸ் வெளியே. அந்த ஏழில் முழுதாகக் காசுக்கு ஈடாக ஆடியவர் எரிக்சன் ஒருவரே என்பது என் கணக்கு. லமேலாவைச் சேர்த்துக்கொள்பவர்களோடு சண்டை போட மாட்டேன்.

எதிர்பாராத ஒரு நன்மையும் நடந்தது. பெரிய விலைக்கு வந்த ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதே முதல் வேலையான முன்கள வீரர்) சோல்டாடோவுக்குக் கோல் அதிகம் வரவில்லை. அந்த இடைவெளியில், நான்கு கிளப்புகளுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, போய்வந்த ஒரு அகாடமிப் பையனுக்கு வாய்ப்பு வந்தது. அவர் ஹாரி கேன்.

கேன்: மறுத்ததும் கொடுத்ததும்

கேன் டாட்டன்ஹாமுக்கு 280 கோல் அடித்தார். ஜிம்மி கிரீவ்ஸின் 266 என்ற கிளப் சாதனையை 2023 பிப்ரவரியில் முறியடித்தார். ஆனால் கோப்பை ஒன்றுகூட இல்லை. 2015 லீக் கோப்பை இறுதியில் செல்சியிடம் தோல்வி. ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகின் 2019 இறுதியில் லிவர்பூலிடம் தோல்வி. 2021 லீக் கோப்பை இறுதிக்கு ஆறு நாள் முன்னால் மேனேஜர் மொரின்யோவைக் கிளப் நீக்கியது. இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம் தோல்வி.

அந்தக் கோடையில்தான் முதல் நெருக்கடி. கேன் போக விரும்பினார். சிட்டி சுமார் 10 கோடி பவுண்டு தரத் தயார் என்று செய்திகள் வந்தன. லெவி அசையவில்லை. அசையத் தேவையும் இல்லை, ஏனென்றால் 2018இல் கேன் போட்ட ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. சீசனின் முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாம் சிட்டியையே 1-0 என்று தோற்கடித்தது, கேன் அணியில் இல்லை, "ஹாரி கேன், பார்த்துக்கொண்டிருக்கிறாயா?" என்று ரசிகர்களே பாடினார்கள். சில நாளில், இங்கேயே இருக்கிறேன் என்று கேன் அறிவித்தார்.

லெவி செய்தது சரியா? கிளப்பின் பக்கம் நின்று பார்த்தால் சரி என்றே சொல்வேன். அந்த சீசனில் அணி நான்காவது இடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீகுக்குள் போனது. அதற்கடுத்த சீசனில் கேன் லீகில் மட்டும் 30 கோல். இரண்டு ஆண்டு வைத்து ஆடவிட்ட பிறகும் விலை பெரிதாக விழவில்லை. ஆனால் கேன் பக்கம் நின்று பாருங்கள். அவர் இல்லாமலேயே சிட்டி அடுத்த இரண்டு லீகையும் வென்றது. அவருக்குப் பதிலாக ஹாலண்ட் என்ற ஸ்ட்ரைக்கரை வாங்கி, 2023இல் ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளையும் தூக்கியது. விசுவாசம் என்று நாம் கைதட்டும் விஷயத்தில் பாதி, ஒப்பந்தம் விடாததால் வந்த விசுவாசம். இதை ரசிகர்கள் பேச மாட்டார்கள்.

2023 கோடையில் நிலைமை வேறு. கேனுக்கு 30 வயது. ஒப்பந்தத்தில் ஒரே ஆண்டு மீதி. புது ஒப்பந்தத்துக்கு அவர் தயாரில்லை. அணியோ எட்டாவதாக முடித்து, ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாமல் நின்றது. ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் 10 கோடி யூரோவுக்கு மேல் தரும் என்றது. கேன் அகாடமிப் பிள்ளை என்பதால் அவ்வளவும் கணக்கில் லாபமாக ஏறும். மறுத்தால் அடுத்த ஜூலையில் கேம்பல் கதைதான். பிரீமியர் லீகில் 213 கோல் அடித்து, ஆலன் ஷியரரின் 260ஐத் துரத்திக்கொண்டிருந்தவர் அந்தச் சாதனையை விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போகத் தயாரானார் என்றால், அவர் மனநிலையும் தெளிவு. என் பார்வையில் இங்கே விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

குறை சொல்ல வேண்டியது தேதியைத்தான். பேரம் இழுத்து இழுத்து, ஆகஸ்ட் 12இல் கேன் பயர்ன் வீரரானார். டாட்டன்ஹாமின் முதல் லீக் ஆட்டம் மறுநாள். இன்னும் சில லட்சம் சேர்த்து வாங்க இழுத்த ஒவ்வொரு நாளும், மாற்று ஸ்ட்ரைக்கரைத் தேட வேண்டிய நாள். அந்தக் கோடையில் கேன் இடத்தை நிரப்பும் அளவுக்கு ஒருவர் வரவே இல்லை. டொமினிக் சொலாங்கி வந்தது ஓராண்டு கழித்து. கேன் பணத்தில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய செலவு, டிரான்ஸ்ஃபர் சந்தையின் கடைசி நாளில் வந்த பிரென்னன் ஜான்சன், அவரோ ஸ்ட்ரைக்கர் அல்ல, ஓரத்தில் ஆடும் விங்கர்.

அப்புறம் என்ன ஆனது? இந்தக் கதையில் எல்லாரும் தங்களுக்கு வேண்டிய நீதியை எடுத்துக்கொள்ளலாம். கேன் போன முதல் சீசனில் டாட்டன்ஹாம் எட்டிலிருந்து ஐந்தாவது இடத்துக்கு ஏறியது. முன்பைவிட அதிகக் கோல்கூட அடித்தது. பயர்னில் கேன் லீகில் 36 கோல் அடித்தும், அந்த ஆண்டு பயர்னுக்கே கோப்பை இல்லை. லெவர்குசன் என்ற இன்னொரு ஜெர்மன் கிளப் தோற்காமலேயே லீகை வென்றது. 2024-25இல் டாட்டன்ஹாம் லீகில் 17வது இடத்துக்குச் சரிந்தது, கீழே மூன்றே அணிகள். அதே சீசனில், 2025 மே 21இல், ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த, சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று 17 ஆண்டு வறட்சியை முடித்தது. கோல் அடித்தவர் பிரென்னன் ஜான்சன். கேனுக்கும் தன் முதல் கோப்பை அதே மே மாதத்தில்தான் கிடைத்தது, பயர்னோடு ஜெர்மன் லீக்.

அப்படியானால் விற்றதால்தான் கோப்பை வந்தது என்று சொல்லலாமா? கூடாது. கேன் இருந்தால் 17வது இடம் வந்திருக்காது என்று வாதாடுபவரும் இருப்பார், அவரையும் மறுக்க முடியாது. ஒரு வீரரை விற்ற முடிவை, இரண்டு ஆண்டு கழித்து ஒரு இறுதியாட்டத்தில் விழுந்த கோலை வைத்து எடைபோடக் கூடாது. விற்ற அன்றைக்குக் கையில் என்ன இருந்தது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்: வயது, ஒப்பந்தத்தில் மீதி, வந்த விலை, வீரரின் விருப்பம், மாற்று ஆள் தயாரா என்பது. 2023இல் முதல் நான்கும் விற்கச் சொன்னன. ஐந்தாவதில் கிளப் தேர்வில் தோற்றது.

ஒப்பிட்டுப் பார்க்க லிவர்பூல். ஆறு வயதில் அகாடமிக்கு வந்த ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டை அவர்கள் 2024 கோடையில் விற்கவில்லை. ஒப்பந்தம் தீரும் வரை ஆடவிட்டு 2025இல் லீகை வென்றார்கள்; அவர் ரியல் மாட்ரிட் போனார். கிளப் உலகக் கோப்பையில் ஆட அவரைச் சில வாரம் முன்னதாகவே விடுவதற்காக ரியல் ஏதோ 1 கோடி யூரோ கொடுத்தது, அவ்வளவுதான். சொந்த மைதானத்திலேயே அவரைக் கேலிக் கூச்சல் போட்டு அனுப்பினார்கள். பணத்தைப் பார்த்தால் பெரிய நஷ்டம். வென்ற லீகைப் பார்த்தால், ஓராண்டு வைத்திருந்ததில் தப்பில்லை என்றே தோன்றுகிறது. முதலிடத்துக்குப் போட்டிபோடும் அணி இப்படிச் சூதாடலாம். எட்டாவது இடத்து அணிக்கு அந்தச் சொகுசு கிடையாது.

சன் போன விதம்

ரசிகர்கள் கோபப்படாமல் விடைகொடுத்த விற்பனையும் டாட்டன்ஹாமிலேயே உண்டு. தென்கொரியாவின் சன் ஹியுங்-மின் 2015இல் சுமார் 2.2 கோடி பவுண்டுக்கு வந்தார். பத்து ஆண்டு, 173 கோல். கேன் போன பிறகு கேப்டன். பில்பாவோவில் கோப்பையைத் தூக்கியவரும் அவர்தான். 2025 கோடையில் அவருக்கு 33 வயது, ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதி, கால் முன்போல ஓடவில்லை. கடைசி ஆட்டம் சியோலிலேயே, தன் நாட்டு மக்கள் முன்னால். அவர் வெளியேறும்போது இரண்டு அணி வீரர்களும் வரிசையாக நின்று மரியாதை செய்தார்கள். பிறகு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சி. அமெரிக்க லீகின் சாதனைத் தொகை என்று செய்திகள் சொன்னன; வாங்கிய விலைக்கு அதிகம் குறையவில்லை. பத்து ஆண்டு ஆடிய 33 வயது வீரருக்கு இது நம்ப முடியாத விலை.

நட்சத்திரத்தை விற்பது துரோகம் என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. கோப்பை கிடைத்திருந்தது, வீரரே போக விரும்பினார், வயதும் ஆகியிருந்தது. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். கேனுக்கு முதலாவது அமையவில்லை, கேம்பல் விஷயத்தில் கிளப்புக்கு ஒரு காசும் வரவில்லை.

சன் விட்டுப்போன 7ஆம் எண் ஜெர்சியை ஜெர்மனியின் லைப்சிக்கிலிருந்து வந்த சாவி சிமன்ஸுக்குக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 29ஆம் தேதி. சீசன் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. தாமதமாக வாங்கும் அந்தப் பழைய வியாதி மட்டும் டாட்டன்ஹாமை விட்டுப் போகவில்லை.